ஒரே மேசை, வெவ்வேறு தட்டுகள்

தியான வாசிப்பு: ரோமர் 14:1–12, கலாத்தியர் 2:11–14



அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது. ஆராதனைக்குப் பின் நாம் கூடி உண்ணும் ஐக்கிய விருந்துக்கு யார் என்ன சமைத்துக் கொண்டுவருவது என்று பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அப்பட்டியலை முன்னிட்டு இரண்டு விண்ணப்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. விருந்தில் மாட்டுக்கறி வைக்கவே கூடாது என்பது ஒன்று. வைப்பதானால் அதற்கும் அதை உண்போருக்கும் தனி மேசை போடவேண்டும் என்பது மற்றொன்று. எழுதிய இரு குடும்பத்தாரும் ஆண்டவரை நேசிக்கிறவர்கள், சபைக்காக உழைக்கிறவர்கள். ஆகையால் ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. இவ்வாரத் தியானத்தை இக்காரியத்திற்கென்றே ஒதுக்குகிறேன். வேதத்தைத் திறப்பதற்கு முன், நம்மில் பெரும்பாலோர் ஒருமுறையேனும் சென்றிருக்கும் ஓர் இடத்திற்கு உங்களை அழைத்துச்செல்ல விரும்புகிறேன்.

நாம் வாழும் டெக்சாஸில் நெடுஞ்சாலையை விட்டு விலகி மேய்ச்சல் நிலங்களின் ஊடே சென்றால், சிற்றூர் ஒன்றின் ஓரத்தில் ஒரு ஸ்டீக் ஹவுஸைக் காணலாம். சரளைக்கல் பரப்பிய முற்றம். வரிசையாக நிற்கும் பிக்கப் வண்டிகள். புகைபோக்கியிலிருந்து எழும் மெஸ்கீட் விறகின் புகை. ஞாயிறு நண்பகலில் சென்றால், ஆலயத்திலிருந்து நேரே வந்த குடும்பங்கள் தொப்பிகளைக் கழற்றிவைத்து, மேசையைச் சுற்றிக் கைகோத்துத் தலைகுனிந்து ஜெபிப்பதைப் பார்க்கலாம். பொது இடத்தில் கூச்சமின்றி உணவுக்காக நன்றி சொல்லும் அவ்வழக்கத்தை நாமும் கற்றுக்கொள்வது நல்லது.

இம்மண்ணின் வரலாறே கால்நடையின் வரலாறு. உள்நாட்டுப் போருக்குப் பின் பெரும் மந்தைகள் இங்கிருந்து வடக்கே ஓட்டிச்செல்லப்பட்டன. 1866-இல் சார்லஸ் குட்நைட் என்பவர் பழைய இராணுவ வண்டி ஒன்றைச் சமையல் வண்டியாக மாற்றியமைத்தார். மந்தையை ஓட்டிச்சென்றவர்களில் வெள்ளையர் இருந்தார்கள்; அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் இருந்தார்கள்; மெக்சிக்கர் இருந்தார்கள். பாதையில் அவர்கள் அனைவருக்கும் சோறிட்டது ஒரே வண்டிதான். ஊர்களும் உணவகங்களும் பெருகியபோதோ வாசல்கள் வெவ்வேறாயின. அதைப் பற்றிச் சற்றுப் பின்னர் சொல்லுகிறேன்.

ஸ்டீக் ஹவுஸில் அமர்ந்ததும், பரிமாறுகிறவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வந்து, இறைச்சி எந்தப் பதத்தில் வேண்டும் என்று கேட்பார். உள்ளே செந்நிறம் மாறாத 'ரேர்' ஏறக்குறைய 125 டிகிரி பாரன்ஹீட்டில் அடுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. முற்றிலும் வெந்த 'வெல் டன்' 160 டிகிரிக்கு மேல். இந்நாட்டு வேளாண்மைத் துறை பாதுகாப்புக்குப் பரிந்துரைப்பது 145 டிகிரியும், அதன்பின் மூன்று நிமிட ஓய்வும். ஒரே விலங்கின் ஒரே பாகம், ஒரே அடுப்பு, உண்கிறவர் பத்துப் பேரானால் பத்து விதமான பதம். இறைச்சியைத் தொடாதவருக்கு மீனும் கோழியும் சுட்ட உருளைக்கிழங்கும் உண்டு. ஒருவர் கேட்ட பதத்திற்காக அடுத்தவர் மேசையை விட்டு எழுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு விளக்கம் தேவை. வெட்டும்போது வழியும் செந்நிற நீரைக் கண்டு, அது இரத்தம் என்றெண்ணி அஞ்சுகிறவர்கள் நம்மில் உண்டு. இரத்தத்தைப் புசிக்கலாகாதென்று நோவாவுக்கும் இஸ்ரவேலுக்கும் சொல்லப்பட்டதையும், அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தில் எருசலேம் சங்கம் புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகளுக்கு எழுதியதையும் அவர்கள் நினைவுகூருகிறார்கள். அந்தப் பயபக்தி மதிப்பிற்குரியது. ஆனால் அந்நீர் இரத்தமன்று. விலங்கை அறுக்கும்போதே இரத்தம் வடிக்கப்பட்டுவிடுகிறது. தட்டில் வழிவது தசையிலுள்ள நீர். மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் அதற்குச் சிவப்பு நிறம் தருகிறது. இதை அறிந்தபின்னும் ஒருவருடைய மனம் ஒப்பவில்லையானால் அவர் 'வெல் டன்' கேட்டு உண்பாராக. ஒருவரும் அவரைப் பார்த்து நகைக்கவேண்டாம்.

கடந்த வசந்தகாலத்தில் நம் குடும்ப முகாம் முடிந்து திரும்பும் வழியில், இத்தகைய ஓர் உணவகத்தில் 14 பேர் அமர்ந்தோம். அங்கே கண்டதைச் சம்பந்தப்பட்ட இருவரின் அனுமதியோடு எழுதுகிறேன்.

ஒருவர், மகன் வீட்டிற்கு வந்திருந்த திருநெல்வேலித் தாயார். ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஆயினும் அவர்களுடைய அடுப்பில் மாட்டுக்கறி ஏறியதே இல்லை. உள்ளே நுழைந்ததும் புகையை முகர்ந்து, "நம்ம ஊரு சீமக்கருவேல வெறகு வாசம்லா!" என்றார். அவர் சொன்னது ஏறக்குறைய சரியே. மெஸ்கீட் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய இனம்.

அவருக்கு எதிரே அமர்ந்தவர், இங்கே மேற்படிப்புக்கு வந்திருக்கும் வட தமிழகத்து இளைஞர். அவருடைய வீட்டில் வாரம் ஒருமுறை வாங்க முடிந்த இறைச்சி மாட்டிறைச்சி ஒன்றே. ஆட்டுக்கறி பண்டிகைக்கும் எட்டாத விலை. பள்ளியில் படித்த நாட்களில் டிபன் பாக்ஸின் மூடியை நிமிர்த்தி, அதை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உண்டு பழகியவர். மூடியைத் திறந்தபோது அருகிலிருந்த பிள்ளைகள் எழுந்துபோன நாட்கள் அவருக்கு நினைவிலுண்டு.

உணவுப் பட்டியலை வாசித்தபோது 'சிக்கன் ஃபிரைடு ஸ்டீக்' என்ற பெயர் அத்தாயாரின் காதில் விழுந்தது. அவருக்குப் பழகிய சொல் அதில் ஒன்று இருந்தது. "எனக்கு அந்தச் சிக்கனே போதும்" என்றார். டெக்சாஸ்காரருக்குத் தெரியும், அப்பண்டத்தில் கோழி துளியும் இல்லை. விலை மலிந்த, கடினமான மாட்டிறைச்சித் துண்டைத் தட்டி மென்மையாக்கி, முட்டையிலும் மாவிலும் தோய்த்து, கோழியைப் பொரிப்பதுபோல் பொரித்து, மிளகிட்ட வெள்ளைக் குழம்பு ஊற்றித் தருவது அது. மகன் கைகழுவச் சென்றிருந்தார். மற்றவர்கள் பேச்சில் இருந்தார்கள். அந்த இளைஞர் குனிந்து, பிறர் கேளாதபடி சொன்னார்: "பாட்டி, பேர்லதான் சிக்கன். அது மாட்டுக்கறி. கோழி வேற இருக்கு. அதச் சொல்லட்டுமா?"

தாயார் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நல்லவேள சொன்னய்யா" என்றார்.

தட்டுகள் வந்தன. தாயாருக்குச் சுட்ட கோழி, இளைஞருக்கு ஸ்டீக். அவர் உடனே உண்ணவில்லை. தட்டைச் சற்றே தம் பக்கம் இழுத்து, இடக்கையை அதற்கு மறைப்பாக வைத்துக்கொண்டார். பழைய பழக்கம் அது, அவரையறியாமலே வந்தது. அப்பொழுது மகன் திரும்பி வந்து, எதிர்த் தட்டைக் கண்டு, "அம்மா, நீங்க வேணும்னா இந்தப் பக்கம் மாறி உக்காருங்க" என்று நாற்காலியை நகர்த்தினார். அத்தாயார், "நான் இங்கனயே இருக்கேன்" என்றார். பிறகு ரொட்டிக் கூடையை இருவருக்கும் நடுவே தள்ளிவைத்து, இளைஞரைப் பார்த்து, "ஏன்யா பாத்துக்கிட்டிருக்க? ஆறிப்போகும்லா, சாப்பிடு" என்றார். அவருடைய இடக்கை தட்டை விட்டு விலகியது.

பிரியமானவர்களே, ரோமர் 14-ஆம் அதிகாரம் நம் கண்முன் நடந்தேறியதை அன்று கண்டேன். உண்கிறவன் உண்ணாதவனை அற்பமாய் எண்ணலாகாது. உண்ணாதவன் உண்கிறவனைக் குற்றவாளியாய்த் தீர்க்கலாகாது. தேவன் இருவரையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்பதே பவுல் அங்கே சொல்வதன் சாரம். அந்த இளைஞர் மௌனமாக இருந்திருக்கலாம். தம்மை விட்டு எழுந்துபோனவர்களை நினைத்து, "இவர்களும் ஒருமுறை உண்டு பார்க்கட்டுமே" என்று உள்ளூர நகைத்திருக்கலாம். அவரோ அத்தாயாரின் மனச்சாட்சியைக் காத்தார். அத்தாயார் தம்முடைய வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளவேண்டிய அவசியமும் இல்லை. தம்முடைய இருக்கையையும் அவர் மாற்றவில்லை.

இப்பொழுது அந்தியோகியாவுக்கு வாருங்கள். அங்கே பேதுரு புறஜாதியாரோடு அமர்ந்து உண்டுவந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன், அவர்களுக்குப் பயந்து, மெல்ல மெல்ல விலகினார். மற்ற யூதரும் விலகினார்கள். ஆறுதலின் மகன் என்று பெயர் பெற்ற பர்னபாவும் அவர்களோடு இழுப்புண்டான். பேதுரு போதித்த உபதேசத்தில் அன்று பிழை ஏதும் இல்லை. அவர் செய்ததெல்லாம் வேறொரு மேசைக்குப் போனதுதான். பவுல் அதைச் சிறு சமூகச் சங்கடமாக எண்ணவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்ற நேரான நடையன்று அது என்று எல்லாருக்கும் முன்பாக எதிர்த்து நின்றார். விசுவாசத்தினாலே மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் மகா உபதேசத்தைக் கலாத்தியர் நிருபத்தில் பவுல் விரித்துரைக்கத் தொடங்குவது அந்த உணவு மேசையின் அருகிலிருந்தே என்பதைக் கவனியுங்கள். கிறிஸ்து ஏற்றுக்கொண்ட ஒருவனோடு அமர்ந்து உண்ண எனக்கு மனமில்லையானால், கிறிஸ்து ஏற்றுக்கொண்டது போதாது என்று என் நாற்காலி சாட்சி சொல்லுகிறது.

"போதகரே, சகோதரனுக்கு இடறலாயிருந்தால் இறைச்சியே உண்ணமாட்டேன் என்று அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் 'இடறல்' என்ற சொல்லின் பொருளை அவ்வதிகாரத்திலேயே பார்க்கவேண்டும். கொரிந்துவில் பலவீனன் என்று சொல்லப்பட்டவன், விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்பது பாவம் என்று உண்மையாகவே நம்பியவன். அறிவுள்ளவன் கோயில் பந்தியில் அமர்ந்து உண்பதைக் கண்டு, தானும் துணிந்து, தன் மனச்சாட்சிக்கு விரோதமாக உண்டுவிடுவானே என்பதே பவுலின் கவலை. கட்டியெழுப்புதல் என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல்லையே அவர் அவ்விடத்தில் பயன்படுத்துகிறார். 'நீ அவனைக் கட்டியெழுப்புகிறாய், ஆனால் அழிவுக்கு' என்பது போன்ற கசப்பான சொல்லாட்சி அது. ஆகவே இடறல் என்பது ஒருவன் தன் மனச்சாட்சியை மீறும்படி இழுக்கப்படுவது. அடுத்தவர் தட்டைக் கண்டு எனக்கு உண்டாகும் அருவருப்பு வேறு. அதற்கு இடறல் என்று பெயரிட்டு அவரை மேசையை விட்டு அகற்ற வேதம் எனக்கு அதிகாரம் தரவில்லை. அத்தாயார் அறியாமல் அப்பண்டத்தை உண்ணும்படி விடப்பட்டு, பின்னர் அறிந்து மனம் நொந்திருந்தால், அது நம்முடைய அன்பின் குறைவாயிருந்திருக்கும். அதையே அந்த இளைஞர் தடுத்தார்.

வாசல்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேனே. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் 'ஆலிஸ் பார்பிக்யூ' என்றொரு குடும்ப உணவகம் இருந்தது. 220 பேர் அமரக்கூடிய இடம். 1927-இல் திறந்த நாள்முதல் கறுப்பின மக்களை அது தன் மேசைகளில் அமரவிட்டதில்லை. அவர்கள் காசு கொடுத்துப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போகலாம், அமரக்கூடாது. அங்கே வேலை செய்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்கள் என்பதையும் நினைத்துப்பாருங்கள். 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தபோது, சிறிய உள்ளூர்க் கடையான தங்களை அது கட்டுப்படுத்தாது என்று உரிமையாளர்கள் வழக்காடினார்கள். அவர்கள் வாங்கிய உணவுப் பொருளில் 46 விழுக்காடு மாநிலத்துக்கு வெளியிலிருந்து வந்த இறைச்சி. ஆகவே மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இன்று பழுப்பு நிறத்தவரான நாம் எந்தச் சிற்றூர் ஸ்டீக் ஹவுஸிலும் தயக்கமின்றி நுழைந்து அமர்கிறோம். அந்நாற்காலி நமக்கு இலவசமாய் வந்ததன்று. பிறர் அவமானம் சுமந்து, சிறை சென்று பெற்றுத் தந்தது.

இதை வாசிக்கும்போது நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை உங்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா? நம்முடைய திருச்சபையும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. ஆலயத்தில் தனித்தனியாக அமர்வதையும் திருவிருந்தை முறைவைத்துப் பெறுவதையும் கண்டித்துப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் திருமுகம் எழுதவேண்டியிருந்தது. சாதியை விட்டதற்கு மெய்யான அடையாளம், எந்தச் சாதியாரோடும் அமர்ந்து அவர்கள் சமைத்ததை உண்ண ஆயத்தமாயிருப்பதே என்று 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு அறிவித்தது. அக்காலத்து மிஷனெரிமாரின் கண்டிப்பைப் பற்றி இருவிதமாகப் பேசலாம். ஆயினும் அவர்கள் எதைச் சோதனையாக வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்: விசுவாசப்பிரமாணத்தை எல்லாரும் சொல்லிவிடுவார்கள், பந்தியில்தான் மனம் வெளிப்படும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

கெட்ட குமாரன் உவமையில் கொழுத்த கன்று அடிக்கப்பட்டது. மூத்த குமாரன் வீட்டிற்குள் வர மனதில்லாமல் வெளியே நின்றான். கன்றின் இறைச்சி அவனுக்கு ஆகாததன்று. உள்ளே அமர்ந்திருந்தவன்தான் அவனுக்கு ஆகாதவன். "என் தம்பி" என்று சொல்லக்கூட அவன் நாவு எழவில்லை. தகப்பன் எழுந்து வெளியே வந்து அவனையும் வருந்தி அழைத்தார் என்று ஆண்டவர் சொல்கிறார். அவன் உள்ளே போனானா என்பதை அவர் சொல்லாமலே விட்டார். அதற்கான பதிலை ஒவ்வொரு சபையும் தன் விருந்தன்று எழுதுகிறது.

ஆகவே, என்னிடம் வந்த விண்ணப்பங்களுக்கு இதுவே என் பதில். சபை மூப்பர்களோடு கலந்தே சொல்லுகிறேன். வரும் விருந்தில் மாட்டுக்கறி கொண்டுவர விரும்புகிறவர்கள் கொண்டுவரலாம். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் அதில் என்ன இருக்கிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சீட்டு எழுதி வைப்போம். ஒருவரும் அறியாமல் ஒன்றை உண்ணக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி இருக்கும்; ஒன்றில் இட்டதை மற்றொன்றில் இடவேண்டாம். சைவ உணவுகள் வரிசையின் தொடக்கத்திலும், மாட்டிறைச்சி அதன் முடிவிலும் இருக்கும். வேண்டாதவர்கள் அதற்கு முன்பே தட்டோடு திரும்பிவிடலாம். அமர்வதற்கோ தனி மேசை கிடையாது. பாத்திரங்களுக்குச் சீட்டு எழுதுவோம், மனிதருக்கு எழுதமாட்டோம்.

உண்ணாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வழக்கம் உங்கள் தாய் தந்தையர் தந்தது. அதைக் கைவிடும்படி ஒருவரும் உங்களை வற்புறுத்தக்கூடாது. வற்புறுத்துகிறவர் யாராயினும் என்னிடம் சொல்லுங்கள். ஆனால் முகத்தைச் சுளிக்காதிருங்கள். உங்கள் அருகில் அமர்ந்திருப்பவர் எத்தனை முறை தட்டை மறைத்து உண்டவர் என்பது உங்களுக்குத் தெரியாது.

உண்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது உங்கள் வீட்டு உணவு, அதற்காக நாணவேண்டாம். மூடியைத் திறந்து வையுங்கள். அதே வேளையில் உண்ணாதவரைக் கேலி செய்யவேண்டாம். "ஒரு துண்டு ருசித்துப் பாருங்களேன்" என்று விளையாட்டாகவும் தூண்டவேண்டாம். அவருக்காக விழித்திருங்கள். பெயரைக் கேட்டு ஏமாறப்போகிறவரிடம் மெல்லச் சொல்லுங்கள்.

போதகர் மாட்டுக்கறி உண்பாரா என்று சிலர் கேட்கக்கூடும். அன்று என் அருகில் வந்து அமருங்கள். என் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஜெபம் செய்வோம்.

பாவிகளோடும் ஆயக்காரரோடும் பந்தியிருந்த ஆண்டவரே, உம்முடைய மேசைக்கு எங்களையும் அழைத்ததற்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். எங்கள் தட்டிலுள்ளவற்றுக்காக நன்றி சொல்லும் நாவை, எங்கள் எதிரே அமர்ந்திருப்பவருக்காகவும் நன்றி சொல்லப் பழக்குவீராக. அவமானப்பட்டு உண்டவர்களின் நினைவுகளை ஆற்றியருளும். எங்களில் எவரும் பிறருடைய மனச்சாட்சியைக் காயப்படுத்தாதபடியும், எவரும் வெளியே நின்றுவிடாதபடியும் எங்களைக் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் போதகர்